பத்தாண்டு காத்திருக்க வேண்டாதவர்கள்



தோட்டத்துக் குடும்பங்களில் பிரஜாவுரிமையைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் ஒரு வாக்கியம் தவறாமல் காதில் விழும். "பத்து வருஷம் இருக்கணுமாம், அதுக்கப்புறமும் கொடுத்தால்தான் உண்டு" என்பதே அந்த வாக்கியம். இது பொய்யன்று. ஆனால் முழு உண்மையும் அன்று. சிவப்பு அடையாள அட்டை வைத்திருப்பவர்கள் எல்லாருக்கும் ஒரே வாசல்தான் உண்டு என்று எண்ணிக்கொண்டு, தமக்கென்று திறந்திருக்கும் பக்கத்து வாசலைக் கவனியாமலேயே பலர் முதுமையடைந்துவிட்டார்கள். சிலர் அந்த அட்டையோடே கண்ணை மூடியும்விட்டார்கள். ஆகவே, நிரந்தரவாசிகளுள் யார் யார் பத்தாண்டு காத்திராமலே பிரஜாவுரிமைக்கு மனுச் செய்யலாம் என்பதை இன்று ஆராய்வோம்.

முதலில், சிவப்பு அட்டை என்றால் என்ன என்பதைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். நீல அட்டை வைத்திருப்பவர் இந்நாட்டுப் பிரஜை. சிவப்பு அட்டை வைத்திருப்பவர் இங்கே நிரந்தரமாக வசிக்க அனுமதி பெற்றவர். அவர் உழைக்கலாம், வரி கட்டலாம், பிள்ளைகளைப் பெற்று வளர்க்கலாம். ஆனால் தேர்தலில் வாக்களிக்க முடியாது. மலேசியக் கடப்பிதழ் பெற முடியாது. அரசாங்கம் பிரஜைகளுக்கென்று ஒதுக்கும் உதவித் தொகை அவர் கைக்கு வாராது. எல்லாவற்றிலும் கொடுமை எதுவென்றால், தோட்டம் விற்கப்பட்டு லயத்தைக் காலி செய்யும்படி ஆகும்போது, மலிவு விலை வீட்டுக்குப் பெயர் பதியப் போனால், "நீல ஐ.சி. இருக்கிறதா?" என்பதே முதற் கேள்வியாக இருக்கும். நாற்பது ஆண்டு பால் மரம் வெட்டிய கையிலே சிவப்பு அட்டை இருந்தால், அந்தக் கை வெறுங்கையாகவே திரும்பும்.

இந்த நிலை எப்படி வந்தது? நம் முன்னோர் தோட்டத்திலே பிறந்தார்கள், ஆயாக்கொட்டகையிலே வளர்ந்தார்கள், பன்னிரண்டு பதின்மூன்று வயதில் வாளியைத் தூக்கிக்கொண்டு பெரட்டுக்குப் போனார்கள். தாளும் பத்திரமும் கிராணியாருடைய வேலை என்று இருந்துவிட்டார்கள். 1957ஆம் ஆண்டு ஆகஸ்ட் 31ஆம் நாள் நாடு சுதந்திரம் பெற்றது. அதற்கு முன் இங்கே பிறந்தவர்களுள் பலருக்கு, பிறந்தது மட்டும் போதாது, மனுச் செய்து பதிந்துகொள்ளவும் வேண்டும் என்பது தெரியவில்லை. தெரிந்தவர்களிலும், "நம்மை யார் என்ன செய்யப் போகிறார்கள்?" என்று இருந்தவர்கள் உண்டு. பின்னர் பிரஜை அல்லாதார் வேலை செய்யப் பெர்மிட் பெற வேண்டும் என்ற 1968ஆம் ஆண்டுச் சட்டம் நடைமுறைக்கு வந்தபோதுதான் அதன் சூடு தெரிந்தது. 1969, 1970ஆம் ஆண்டுகளில் பல்லாயிரம் தோட்டத் தமிழர்கள் கப்பலேறி இந்தியா திரும்பினர். இங்கே தங்கியவர்களுள் பலர் சிவப்பு அட்டையோடு தங்கிவிட்டார்கள்.

இனி, சட்டத்துக்கு வருவோம். அரசியல் சட்டத்தின் மூன்றாம் பாகம் பிரஜாவுரிமையைப் பற்றியது. சட்டத்தைச் சட்டமாகச் சொன்னால் மனத்தில் தங்காது. ஆதலால் ஒரு தோட்டக் குடும்பத்தைக் கற்பனை செய்துகொள்வோம். அந்த வீட்டில் ஐந்து பேருக்குச் சிக்கல். தாத்தா, சிறுவயதில் ரஜூலாக் கப்பலில் வந்திறங்கியவர். பாட்டி, 1953இல் இங்கேயே ஒரு லயத்தில் பிறந்தவர். பாட்டியின் தம்பி, 1960இல் அதே லயத்தில் பிறந்தவர். மருமகள், தமிழ்நாட்டிலிருந்து மணமுடித்து வந்தவர். ஐந்தாவது, பன்னிரண்டு வயதுப் பேரன். பேரனைத் தவிர மற்ற நால்வர் கையிலும் சிவப்பு அட்டை. பேரன் கையிலோ, பிரஜை அல்லாதவர் என்று பொருள்படும் "புக்கான் வார்கானெகாரா" என்று எழுதிய பிறப்புப் பத்திரம். ஐவருக்கும் வழி ஒன்றா? இல்லை. ஐவருக்கும் ஐந்து வழி.

தாத்தாவிடமிருந்து தொடங்குவோம். எல்லாரும் சொல்லும் பத்தாண்டு விதி அவருக்கு உரியது. அரசியல் சட்டத்தின் 19ஆம் ஷரத்து அது. மனுச் செய்பவருக்கு 21 வயது நிறைந்திருக்க வேண்டும். மனுச் செய்யும் நாளுக்கு முந்திய 12 ஆண்டுகளில், மொத்தம் 10 ஆண்டுக்குக் குறையாமல் இந்நாட்டில் வசித்திருக்க வேண்டும். அதிலும் கடைசி 12 மாதம் இங்கேயே இருந்திருக்க வேண்டும். இனியும் இங்கேயே வாழும் எண்ணமும், நன்னடத்தையும், மலாய் மொழியில் போதிய அறிவும் வேண்டும். இவ்வளவும் இருந்தாலும், அரசாங்கம் பிரஜாவுரிமை "வழங்கலாம்" என்றுதான் சட்டம் சொல்கிறது. "வழங்க வேண்டும்" என்று சொல்லவில்லை. "கொடுத்தால்தான் உண்டு" என்று நம் மக்கள் சொல்வது இந்த ஷரத்தைப் பார்த்துத்தான்.

அடுத்தவர் பாட்டி. இவரையும் தாத்தாவோடு சேர்த்து அதே வரிசையில் நிறுத்துவதுதான் பெருந்தவறு. பாட்டி சுதந்திரத்துக்கு முன் இந்த மண்ணில் பிறந்தவர். அவருக்கு 16ஆம் ஷரத்து இருக்கிறது. அது என்ன சொல்கிறது? 1957 ஆகஸ்ட் 31க்கு முன் கூட்டரசில் பிறந்து, 18 வயது நிறைந்த எவரும், மனுவுக்கு முந்திய 7 ஆண்டுகளில் மொத்தம் 5 ஆண்டு இங்கே வசித்திருந்தால், பிரஜையாகப் பதியப்பட "உரிமை உடையவர்" என்கிறது. இங்கேயே வாழும் எண்ணமும் நன்னடத்தையும் இவருக்கும் வேண்டும். ஆனால் மலாய் மொழியில் தொடக்க நிலை அறிவு இருந்தால் போதும்.

இரண்டு ஷரத்துகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அங்கே பத்தாண்டு, இங்கே ஐந்தாண்டு. அங்கே போதிய மொழியறிவு. இங்கே தொடக்க அறிவு. அங்கே "வழங்கலாம்", இங்கே "உரிமை உடையவர்". முதலாவது கேட்டுப் பெறுவது. இரண்டாவது உரியதை எடுத்துக்கொள்வது. பாட்டியைத் தாத்தாவின் வரிசையில் நிறுத்தினால், கையிலுள்ள உரிமையை விட்டுவிட்டு அவர் கருணைக்குக் காத்து நிற்பார்.

மூன்றாமவர், பாட்டியின் தம்பி. இவர் 1960இல் பிறந்தவர். இவருக்கு எத்தனை ஆண்டு வேண்டும்? ஓராண்டு கூட வேண்டாம். ஏனெனில், 1957 ஆகஸ்ட் 31 முதல் 1962 செப்டம்பர் முடிய மலாயாக் கூட்டரசில் பிறந்தவர்கள், வெளிநாட்டுத் தூதர்களின் பிள்ளைகள் போன்ற வெகு சிலர் நீங்கலாக, பிறப்பினாலேயே பிரஜைகள். தாயும் தந்தையும் எந்த நாட்டவர் என்ற கேள்வி அந்த ஐந்தாண்டுக் காலத்தில் பிறந்தவர்களுக்கு எழுவதில்லை. அப்படியானால் இவர் கையில் ஏன் சிவப்பு அட்டை? பிறந்த ஆண்டையும் இடத்தையும் காட்டும் பத்திரம் இல்லாமற் போயிருக்கும். அல்லது இருந்தும் எவரும் கொண்டுபோய்க் காட்டாதிருந்திருப்பார்கள். இவர் கேட்க வேண்டியது புதிய பிரஜாவுரிமை அன்று. ஏற்கெனவே உள்ள பிரஜாவுரிமைக்கு அத்தாட்சி. ஒருவர் பிரஜையா அல்லவா என்பதில் ஐயம் இருந்தால், அவர் பிரஜை என்று அரசாங்கம் சான்றிதழ் வழங்க 30ஆம் ஷரத்து இடமளிக்கிறது.

1962 அக்டோபருக்குப் பின் பிறந்தவர்களின் கதை சிறிது வேறு. அவர்கள் இங்கே பிறந்தது மட்டும் போதாது. பிறந்த சமயத்தில் தாய் தந்தையருள் ஒருவராவது பிரஜையாகவோ, இங்கே நிரந்தரவாசியாகவோ இருந்திருக்க வேண்டும். சிவப்பு அட்டைப் பெற்றோருக்கு இங்கே பிறந்த பிள்ளை பிரஜையானது இந்த விதியால்தான். ஆனால் இதிலே ஒரு மாற்றம் வந்திருப்பதைக் கவனிக்க வேண்டும். 2024ஆம் ஆண்டில் பாராளுமன்றம் நிறைவேற்றிய அரசியல் சட்டத் திருத்தம், "நிரந்தரவாசி" என்ற சொல்லை இந்த விதியிலிருந்து நீக்குகிறது. அந்தத் திருத்தம் நடைமுறையில் இருக்கும் காலத்தில், பெற்றோர் இருவரும் சிவப்பு அட்டையோடு இருந்தால், அப்போது பிறக்கும் பிள்ளை இந்த விதியினால் பிரஜையாகாது. முன்னர் பெற்றோரின் அட்டை சிவப்பாக இருந்தாலும் பிள்ளையின் அட்டை நீலமாகும் என்று ஆறுதல் கொள்ள முடிந்தது. இனி அந்த ஆறுதலை நம்பியிருக்க முடியாது. இளந்தம்பதியர் தங்கள் சிவப்பு அட்டையை மாற்றும் முயற்சியைத் தள்ளிப்போடக் கூடாது என்பதற்கு இதைவிட வேறு காரணம் வேண்டியதில்லை.

நான்காமவர், மருமகள். இவர் கணவர் நீல அட்டைக்காரர். பிரஜையின் மனைவிக்கு 15ஆம் ஷரத்தின் முதற் பகுதி வழிவிடுகிறது. மனுவுக்கு முந்திய 2 ஆண்டும் தொடர்ந்து இந்நாட்டில் வசித்திருக்க வேண்டும், திருமண பந்தம் நிலைத்திருக்க வேண்டும், நன்னடத்தை வேண்டும். மலாய் மொழி அறிவும் வேண்டும் என்பதை 2024ஆம் ஆண்டுத் திருத்தம் சேர்த்திருக்கிறது. ஆகவே மருமகள்கள் இப்போதிருந்தே மலாய் பேசிப் பழகுவது நல்லது. இங்கும் சட்டத்தின் சொல் "உரிமை உடையவர்" என்பதே.

ஆனால் இந்த இரண்டு ஆண்டுக் கணக்கில் ஒரு முடிச்சு இருக்கிறது. தற்காலிகப் பாஸில் தங்கியிருந்த காலம், அரசாங்கம் சம்மதித்தாலொழிய, வசித்த காலமாகக் கணக்கில் வாராது. மணமுடித்து வந்த நாளிலிருந்து எண்ணிக்கொண்டு, "எட்டு வருஷமாகிவிட்டதே, ஏன் கொடுக்கவில்லை?" என்று ஏங்குகிறவர்கள் இதை அறிந்துகொள்ள வேண்டும். நிரந்தரவாசத் தகுதி கிடைத்த நாள் எதுவென்று பார்த்து, அங்கிருந்து எண்ணத் தொடங்குங்கள். இன்னொன்று: இந்தக் குறுக்குவழி மனைவிக்கு மட்டுமே உண்டு. நம் பெண்ணை மணந்து இங்கே வந்த வெளிநாட்டு மருமகனுக்கு இல்லை. அவர் தாத்தாவின் பத்தாண்டு வரிசையில்தான் நிற்க வேண்டும்.

கடைசியாகப் பேரன். தந்தை நீல அட்டைக்காரர், பிள்ளையோ இங்கேதான் பிறந்தது. பின் ஏன் "புக்கான் வார்கானெகாரா" என்று எழுதினார்கள்? தோட்டங்களில் அடிக்கடி காண்கிற காரணம் ஒன்றே. கோயிலில் தாலி கட்டினார்கள். ஊரைக் கூட்டி விருந்து வைத்தார்கள். ஆனால் திருமணத்தைப் பதியவில்லை. 1982 மார்ச் 1ஆம் நாள் திருமண, மணவிலக்குச் சீர்திருத்தச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் சமய வழக்கப்படி முறையாக நடந்த திருமணம் பதியப்பட்டதாகவே கருதப்படும். அதற்குப் பின் நடந்த திருமணத்தைப் பதிந்தே ஆக வேண்டும். பதியாத திருமணத்தில் பிறந்த பிள்ளைக்குப் பிரஜாவுரிமை விஷயத்தில் தந்தையின் தகுதி செல்லாது. தாயின் தகுதியைத்தான் சட்டம் பார்க்கும். அந்தப் பிள்ளை பிறந்த வேளையில் மருமகள் வெறும் பாஸில் இருந்திருந்தால், பிள்ளை பிரஜையாகப் பிறக்கவில்லை. மஞ்சள் கயிறு கட்டிய அன்று ஒரு தாளில் கையெழுத்திடத் தவறியதன் விலையைப் பன்னிரண்டு வயதுப் பையன் பள்ளிக்கூடத்தில் கொடுத்துக்கொண்டிருக்கிறான்.

ஆயினும் வழி அடைபடவில்லை. 15ஆம் ஷரத்தின் இரண்டாம் பகுதிப்படி, பெற்றோருள் ஒருவர் பிரஜையாக இருந்தால், 21 வயதுக்குட்பட்ட பிள்ளையைப் பிரஜையாகப் பதியும்படி பெற்றோரோ பாதுகாவலரோ மனுச் செய்யலாம். இதற்கு இத்தனை ஆண்டு வசித்திருக்க வேண்டும் என்ற கணக்கே இல்லை. நம் பேரன் விஷயத்தில் தாயின் தகுதியைத்தான் சட்டம் பார்க்கும் என்று சொன்னோம் அல்லவா? ஆதலால் மருமகள் முந்திப் பிரஜையானால், பிள்ளைக்கும் இந்த வழி திறக்கும். ஒருவருடைய அட்டை மாறினால் அடுத்தவருடைய கதவும் திறக்கிறது. இதுவும் பொருந்தாத பிள்ளைகளுக்கு 15A ஷரத்து இருக்கிறது. விசேஷ சூழ்நிலையில் எந்தப் பிள்ளையையும் பிரஜையாகப் பதிய அரசாங்கத்துக்கு அது அதிகாரமளிக்கிறது. இவை இரண்டும் "பதியலாம்" என்ற வகையைச் சேர்ந்தவை, உறுதியில்லை. ஆனால் முயலாதவனுக்கு ஒன்றுமே இல்லை.

வயதை மட்டும் மறந்துவிடாதீர்கள். 2024ஆம் ஆண்டுத் திருத்தம் இந்த 21 வயதை 18 ஆகக் குறைக்கிறது. ஆகவே, "பையன் எஸ்.பி.எம். எழுதி முடிக்கட்டும், பிறகு பார்க்கலாம்" என்ற பேச்சே வேண்டாம். பிள்ளைக்குப் பதினெட்டு நிறையுமுன் மனு இலாகாவில் சேர்ந்திருக்க வேண்டும். அந்த வயதைத் தாண்டிவிட்டால் அவனும் தாத்தாவுக்குப் பின்னால், பத்தாண்டு வரிசையில் போய் நிற்க நேரலாம்.

நேயர்களே, ஐவரின் கதையையும் கேட்டீர்கள். இதிலிருந்து நாம் கற்க வேண்டியது ஒன்று. பதிவு இலாகாவுக்குப் போய், "எனக்குப் பிரஜாவுரிமை வேண்டும்" என்று மட்டும் சொன்னால் போதாது. "நான் இன்ன ஆண்டு, இன்ன இடத்தில் பிறந்தவன்; ஆகவே இன்ன ஷரத்தின் கீழ் மனுச் செய்ய வந்திருக்கிறேன்" என்று சொல்ல வேண்டும். ஷரத்தின் எண்ணை ஒரு துண்டுத் தாளில் எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். சுதந்திரத்துக்கு முன் இங்கே பிறந்தவருக்கு 16. பிரஜையின் மனைவிக்கு 15, முதற் பகுதி. பிள்ளைக்கு 15, இரண்டாம் பகுதி; இல்லாவிடில் 15A. பிரஜையா என்ற ஐயத்தைத் தீர்க்க 30. மற்றவர்க்கு 19.

சான்றுகளைப் பற்றியும் சில வார்த்தைகள். பிறப்புப் பத்திரம்தான் தலையாயது. அது இல்லையென்றால், பழைய பதிவைத் தேடித் தரும்படி பதிவு இலாகாவில் விண்ணப்பிக்கலாம். பிறப்பே பதியப்படவில்லையென்றால், காலங்கடந்த பதிவுக்கும் சட்டத்தில் இடமுண்டு. அதற்குத் துணையாக எவையெல்லாம் உதவும் என்று எண்ணிப் பாருங்கள். தோட்டத்து ஆஸ்பத்திரிக் குறிப்பு, தமிழ்ப் பள்ளியின் சேர்க்கைப் பதிவேடு, செக்ரோல், சங்கச் சந்தா அட்டை, ஊழியர் சேமநிதிக் கணக்கு, உடன்பிறந்தோரின் பிறப்புப் பத்திரம் ஆகியவை உதவக்கூடும். சேமநிதி 1951ஆம் ஆண்டு முதலே இருக்கிறது. மாதந்தோறும் சந்தா கட்டிய கணக்கு, நீங்கள் அந்த ஆண்டுகளில் இங்கேதான் உழைத்தீர்கள் என்று சாட்சி சொல்லும்.

பெயரையும் சரிபார்த்துக்கொள்ளுங்கள். ஒரு தாளில் முனியம்மா, இன்னொன்றில் முனியாயி, மூன்றாவதில் மினியம்மா என்று இருந்தால், இலாகா அதிகாரிக்கு அவர்கள் மூன்று பேர். ஒருவரே என்று சத்தியக் கடிதம் எழுதி, சத்தியப் பிரமாண ஆணையர் முன் கையெழுத்திட்டு இணைத்துவிடுவது நல்லது.

ஊர்ப் பயணத்தைக் குறித்தும் பலருக்கு அச்சம் உண்டு. அண்ணன் மகள் கல்யாணத்துக்கு இந்தியா போய்வந்தால் வசித்த கணக்கு முறிந்துவிடுமோ என்று அஞ்சுகிறார்கள். ஆறு மாதத்துக்குக் குறைந்த பயணத்தால் கணக்கு முறிவதில்லை. அந்தக் காலமும் இங்கே வசித்ததாகவே எண்ணப்படும். ஆறு மாதத்தைத் தாண்டிவிடக் கூடாது, அவ்வளவுதான்.

மலாய் மொழிக்கும் அஞ்ச வேண்டியதில்லை. தொடக்க அறிவு என்றால் இலக்கியம் படைப்பதன்று. பெயர் என்ன, எங்கே குடியிருக்கிறீர்கள், என்ன வேலை செய்தீர்கள், பிள்ளைகள் எத்தனை பேர் என்று கேட்டால் நிமிர்ந்து உட்கார்ந்து பதில் சொல்லப் பழக வேண்டும். மளிகைக் கடையிலும் சந்தையிலும் அன்றாடம் பேசுகிற பாட்டி, அதிகாரியின் மேசை முன் உட்கார்ந்ததும் நாக்கு ஒட்டிக்கொள்வது பயத்தினால்தான். பள்ளிக்குப் போகும் பேரப்பிள்ளைகள் மாலையில் அரைமணி நேரம் பாட்டியோடு மலாயில் பேசிப் பழகட்டும். அதைவிட நல்ல ஆசிரியர் இல்லை.

இடைத்தரகர்களிடம் எச்சரிக்கையாக இருங்கள். "எனக்குப் பெரிய இடத்தில் ஆள் தெரியும், ஆயிரம் வெள்ளி கொடுத்தால் நீல ஐ.சி. வாங்கித் தருகிறேன்" என்று எவராவது லயத்துக்கு வந்தால், தண்ணீர் கொடுத்து அனுப்பிவிடுங்கள், பணம் கொடுக்காதீர்கள். அசல் பத்திரத்தையும் எவரிடமும் விட்டுவைக்காதீர்கள். கட்டணம் எதுவானாலும் இலாகா முகப்பிலேயே கட்டி ரசீது வாங்குங்கள். மனுக் கொடுத்த நாளையும், மனு எண்ணையும் வீட்டுக் காலண்டரிலேயே எழுதி வையுங்கள். மனு தள்ளுபடியானால் மனம் தளர வேண்டாம். எந்த ஷரத்தின் கீழ் கொடுத்தீர்கள், எந்தச் சான்று குறைந்தது என்று பார்த்து மறுபடியும் மனுச் செய்யலாம். தவறான ஷரத்தின் கீழ் கொடுத்த மனுவும் இருக்கக்கூடும் அல்லவா?

இதையெல்லாம் ஏன் இவ்வளவு அவசரமாகச் சொல்கிறோம்? 16ஆம் ஷரத்துக்கு உரியவர்கள் சுதந்திரத்துக்கு முன் பிறந்தவர்கள். அவர்கள் எல்லாரும் இன்று எழுபதை நெருங்குகிறவர்கள் அல்லது அதைத் தாண்டியவர்கள். 2011இல் தோட்டங்களுக்கும் வீடமைப்புப் பகுதிகளுக்கும் வந்து மனுக்களைப் பெற்ற "மைடஃப்தார்" இயக்கம் போன்ற முயற்சிகள் நடந்திருக்கின்றன. எனினும் அத்தகைய நாளில் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தவர்களும், பத்திரம் கிடைக்காமல் திரும்பியவர்களும் இன்னும் இருக்கிறார்கள். சட்டம் அவர்களுக்காகத் திறந்து வைத்திருக்கும் வாசலுக்குள் நுழைய இனி வருபவர் எவரும் இல்லை. இருப்பவர்களும் குறைந்துகொண்டே போகிறார்கள்.

ஆகையால் இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு வேலை செய்யுங்கள். கட்டிலுக்கடியிலுள்ள தகரப் பெட்டியைத் திறந்து, வீட்டிலுள்ள எல்லாருடைய பத்திரங்களையும் பாயில் பரப்புங்கள். படித்த பிள்ளையை உட்காரவைத்து, ஒவ்வொருவர் பெயருக்கும் நேரே பிறந்த நாள், பிறந்த இடம், திருமணம் பதிந்த நாள், அட்டையின் நிறம் ஆகிய நான்கையும் எழுதச் சொல்லுங்கள். அந்தத் தாளைப் பார்த்தாலே யார் யாருக்கு எந்த வழி என்பது விளங்கிவிடும். திங்கட்கிழமை முதலில் போக வேண்டியவர் வீட்டில் மூத்தவர்.